முகவீணைக்கும் பம்பைக்கும் மிடி ஒலிவங்கி: லூப், கமகம், அடுத்தடுத்த அடிகள்

பாலாற்றங்கரை (வேலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துக் கூத்துப் பாடல்களைச் சில ஆண்டுகளாக மிடி கோப்புகளாக (ஒலியாக அல்லாமல், எந்தச் சுரம் எப்போது ஒலிக்கவேண்டும் என்ற குறிப்புகளாக) எழுதி வருகிறேன். கூத்துப் பழகும் பிள்ளைகள் வீட்டில் தனியாகப் பாடிப் பார்க்கும்போது பின்வாசிப்பு வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய வேலை இது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறையில் உள்ள 128 வாத்தியங்களில் நம் நாயனத்துக்குக் கொஞ்சமேனும் அருகில் வருவது 112-ஆம் எண்ணில் இருக்கும் ஷெனாய். சிதாருக்கு 105-ஆம் எண் கிடைத்திருக்கிறது. கூத்தில் ஊதும் சிறு குழலான முகவீணைக்கும், குச்சியால் அடிக்கும் இரட்டை முரசான பம்பைக்கும், தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் அதில் இடமில்லை. இத்தனை நாளும் ஷெனாயை வைத்தே சமாளித்தேன். ஆனால் வேடதாரி திரைக்குப் பின்னால் நின்று உச்சத்தில் பாட்டை எடுக்கும்போது, அந்தக் குரலோடு ஒட்டிக்கொண்டு ஏறும் முகவீணையின் கூர்மை ஷெனாயில் வரவே இல்லை.

ஆகையால் தை மாதத்தில் குடியாத்தம் அருகே ஓர் ஊரில் இருக்கும் மூத்த முகவீணைக் கலைஞரை அவர் வீட்டிலேயே பதிவு செய்தேன். அவருடைய வாத்தியம் ஐந்தரைக் கட்டைச் சுருதி. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதினொரு சுரங்களை எடுத்து, அவற்றைப் பாலிஃபோன் மென்பொருளில் அடுக்கி, எஸ்எஃப்2 வடிவில் ஒரு சவுண்ட்ஃபான்ட் (மிடி கோப்பு எடுத்து வாசிக்கும் ஒலிவங்கி) செய்து, ஃபுளூயிட்சிந்த் என்ற வாசிப்பான் வழியாக ஒலிக்கவிட்டேன். கூடவே பம்பையின் ஒன்பது அடிகளையும் சேர்த்தேன்.

ஒற்றைச் சுரமாகக் கேட்டால் அவர் எதிரே உட்கார்ந்து வாசிப்பது போலவே இருக்கிறது. பாட்டாக ஓடவிட்டால் கீபோர்டு ஆகிவிடுகிறது. நீளும் சுரத்தில் ஒரு துடிப்பு கேட்கிறது. ஒரு சாம்பிளிலிருந்து (பதிவு செய்த ஒலித்துண்டிலிருந்து) அடுத்த சாம்பிளுக்குத் தாண்டும் இடத்தில் வேறு ஆள் வாசிப்பது போல நாதம் மாறுகிறது. கமகம் (சுரத்தின் அசைவு) செத்துக் கிடக்கிறது. பம்பையில் வேகமான உருட்டு வரும்போது தகரத்தில் ஆணி அடிப்பது போல ஒரே ஓசை திரும்பத் திரும்ப விழுகிறது. இவற்றில் எதை முதலில் திருத்த வேண்டும், எதற்கு மறுபதிவு வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காட்பாடி ஒலிப்பதிவர் எழுதியது:

ஐயா, நீங்கள் இணைத்திருந்த கோப்பைப் பாலிஃபோனில் திறந்து பார்த்தேன். துடிப்புக்குக் காரணம் லூப் நீளம், அதாவது சுரத்தை நீட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின் நீளம். பெரும்பாலான சாம்பிள்களில் நீங்கள் ஏறத்தாழ 0.4 நொடிப் பகுதியைச் சுழலவிட்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதிக்குள் கலைஞரின் மூச்சு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அது நொடிக்கு இரண்டரை முறை அப்படியே திரும்பினால் காது உடனே பிடித்துக்கொள்ளும். இன்னொரு கேடும் உண்டு: அதே சாம்பிளை மூன்று அரைச்சுரம் மேலே ஏற்றினால் அது ஏறத்தாழ 1.19 மடங்கு வேகத்தில் ஓடும் என்பதால் துடிப்பும் அதே அளவு விரையும். கீபோர்டின் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் துடிப்பின் வேகம் வேறுபடுவதுதான் இது இயந்திரம் என்பதை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

மிகச் சிறிய லூப் வைத்தால் துடிப்பு போய்விடும், ஆனால் நாதம் உறைந்துபோய் ஆர்மோனியத்தின் கட்டை போலாகிவிடும். ஆகவே ஒன்றரை முதல் இரண்டு நொடி வரை லூப் வையுங்கள். அதன் தொடக்கமும் முடிவும் மூச்சின் அசைவில் ஒரே நிலையில் இருக்கவேண்டும். அதாவது அலை ஏறும்போது தொடங்கினால், இன்னோர் அலை ஏறும்போதே முடியவேண்டும். பிறகு முடிவுப் பகுதியைத் தொடக்கத்துக்கு முந்தைய பகுதியோடு சிறிது தூரம் குறுக்காகக் கலந்துவிடுங்கள். கலக்கும் இரண்டு பகுதிகளின் அலைவடிவமும் ஒத்த கட்டத்தில் இல்லையென்றால் கலப்பின் நடுவே ஒலி குழிவிழும். அப்படி விழுந்தால் லூப் முனையை ஓர் அலைநீளத்துக்குள்ளேயே முன்பின் நகர்த்திப் பாருங்கள். ஒலியளவு சுழியத்தைத் தொடும் இடத்தில் வெட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது போதாது. அந்த இடத்தில் அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் ஒத்துப்போக வேண்டும். எஸ்எஃப்2 வரையறையே லூப் முனைகளைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கேட்கிறது; சுருதியை மாற்றி ஒலிக்கும் நேரத்தில் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டே இடைப்பட்ட மதிப்புகள் கணக்கிடப்படுகின்றன என்பதுதான் அதற்குக் காரணம்.

உங்கள் பதிவில் அடியில் ஓர் இரைச்சல் இருக்கிறது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முரலும் மின்விசிறிக் காற்றும் கலந்தது போலத் தோன்றுகிறது. சாம்பிளை மேலே ஏற்றும்போது அந்த முரலும் கூடவே மேலே ஏறும். ஒவ்வொரு கட்டையிலும் வேறு வேறு சுருதியில் முரலும். இவ்வளவு உச்சத்தில் பேசும் வாத்தியத்தில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே காப்பாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதற்குக் கீழ் உள்ளதைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். ஆனால் இரைச்சல் நீக்கும் கருவியைக் கொண்டு முழுப் பதிவையும் துடைக்காதீர்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பும் இரைச்சலின் உருவில்தான் இருக்கிறது. கருவி இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும்.

பாலாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி. மின்விசிறி உண்மைதான். தை மாதமென்று நம்பித்தான் போனேன், ஆனால் ஓட்டு வீட்டில் பத்து மணிக்கு மேல் விசிறியில்லாமல் அவரை உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த முறை விடியற்காலையில் வைத்துக்கொள்வேன். சுவரில் கோரைப்பாயும், எதிரே மடித்த மெத்தையும் வைத்தால் எதிரொலி குறையுமா?

காட்பாடி ஒலிப்பதிவர் எழுதியது:

மெத்தை நன்றாகவே உதவும். பாய் மெல்லியது; மேலே உள்ள கூர்மையை மட்டும் கொஞ்சம் குறைக்கும். அறையின் எதிரொலி சாம்பிளுக்குள் போய்விட்டால் பிறகு எடுக்க முடியாது. ஒவ்வொரு சுரமும் தனக்கென்று ஒரு சிறிய அறையைச் சுமந்துகொண்டு வரும். காய்ந்த ஒலியாகப் பதிவு செய்யுங்கள், எதிரொலியை வாசிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். மைக்கை வாத்தியத்தின் வாய்க்கு நேரே வைக்காமல் சற்று விலக்கி, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். உச்ச அளவு பதிவின் எல்லைக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கட்டும். 24 பிட் பதிவில் அந்த இடைவெளியால் எந்த இழப்பும் இல்லை.

பம்பைவீடு (குடியாத்தம்) எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பம்பை வாசிக்கிறார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் பம்பைச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்த ஒன்பது அடிகளையும் கேட்டேன். அவை ஒவ்வொன்றும் ஒரு முறை அடித்த அடி. பம்பைக்காரர் ஒரே சொல்லை நான்கு முறை அடித்தால் நான்கும் நான்கு விதமாக விழும். குச்சி தோலில் படும் இடம் ஒரு விரற்கடை மாறினாலே நாதம் மாறிவிடும். மரப் பம்பையும் வெண்கலப் பம்பையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால் ஒன்றில் அடிக்கும்போது மற்றொன்றும் மெல்ல அதிரும். முந்தைய அடியின் அதிர்வு மிச்சம் இருக்கும்போது விழும் அடி வேறு, அமைதியில் விழும் அடி வேறு. ஆகவே ஒவ்வோர் அடியையும் தனியாக நிறுத்தி நிறுத்தி வாங்காதீர்கள். உருட்டாக வாசிக்கச் சொல்லி, அதன் நடுவிலிருந்து நான்கைந்து அடிகளை வெட்டி எடுங்கள். நிறுத்தி அடிக்கச் சொன்னால் எந்தக் கலைஞரும் மைக்குக்காக அடிப்பார், ஆட்டத்துக்காக அடிக்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காலையில் தோல் ஒரு பதத்தில் இருக்கும், வெயில் ஏறினால் இறுகும். ஒரே நாளில் ஒரே பதத்தில் எல்லா அடிகளையும் முடித்துவிடவேண்டும். பாதி அடிகளைக் காலையிலும் பாதியை மாலையிலும் எடுத்தால் இரண்டு பம்பைகள் ஆகிவிடும்.

பதிவுக்கு வரும் கலைஞருக்குக் கூத்துக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்தீர்களா என்பதையும், இந்த ஒலிவங்கி யார் யாரிடம் போகும் என்பதை அவருக்குச் சொன்னீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன். குற்றம் சாட்டவில்லை. ஒருமுறை பதிவாகிவிட்டால் அவர் இல்லாமலேயே அவருடைய கை எங்கெங்கோ வாசித்துக்கொண்டிருக்கும் என்பதால் கேட்கிறேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

கேட்டது மிகவும் சரி. ஓர் இரவுக் கூத்துக்கு அவர் பெறும் தொகையைக் கொடுத்தேன். பிள்ளைகளின் பயிற்சிக்கு என்று மட்டுமே சொல்லியிருந்தேன். பொதுவில் வெளியிடுவது பற்றிப் பேசவில்லை. எஸ்எஃப்2 கோப்பில் தலைப்பு, ஆக்கியவர், உரிமை, குறிப்பு ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு. அவரிடம் மறுபடி பேசி, அவர் விரும்பினால் அவர் பெயரையும் அவர் சொல்லும் நிபந்தனையையும் உரிமைக் குறிப்பில் எழுதிய பிறகே வெளியிடுவேன். அதுவரை இங்கே இணைத்திருந்த கோப்பை எடுத்துவிடுகிறேன்.

வாலாஜா எழுதியது:

பம்பை பற்றித் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு குறிப்பு. நான்கு விதமான அடிகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் வசதி எஸ்எஃப்2 வடிவத்தில் இல்லை. எஸ்எஃப்இசட் வடிவத்தில் உண்டு. அது வெறும் உரைக்கோப்பு என்பதால் எந்த உரைத் திருத்தியிலும் திறந்து, வரிசையின் நீளம் நான்கு, இந்தத் துண்டு வரிசையில் எத்தனையாவது என்று இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஃபுளூயிட்சிந்த் இதை வாசிக்காது, ஸ்ஃபிஸ் போன்ற வேறு வாசிப்பான் வேண்டும். பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு எஸ்எஃப்2தான் வேண்டுமென்றால், ஒரே அடியின் நான்கு வடிவங்களையும் அடுத்தடுத்த நான்கு கட்டைகளில் வைத்து, மிடியில் எழுதும்போதே மாற்றி மாற்றி எழுதுங்கள். கூடுதல் உழைப்புதான், ஆனால் எந்த வாசிப்பானிலும் தவறாமல் ஒலிக்கும்.

திறந்த அடி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூடிய அடி விழுந்தால் திறந்த ஒலி நிற்கவேண்டும். அதற்கு இரண்டுக்கும் எக்ஸ்க்ளூசிவ் கிளாஸ் என்ற அமைப்பில் ஒரே எண்ணைக் கொடுங்கள். டிரம் செட்டில் திறந்த ஹை-ஹாட்டை மூடிய ஹை-ஹாட் நிறுத்துவது இந்த வழியில்தான். இரண்டு பம்பைகளுக்கும் வெவ்வேறு எண் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மரப் பம்பையை அடித்தால் வெண்கலம் வாயடைத்துப் போகும்.

முகவீணைக் கமகத்துக்கு என் கருத்து: கமகத்தை மிடியில் செய்ய முயலவேண்டாம். கலைஞர் வாசிக்கும் பிடிகளையே (சிறு சுரக்கோவைகளையே) பதிவு செய்து, ஒரு பிடிக்கு ஒரு கட்டை என்று வைத்துவிடுங்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதை நிற்கும் சுரத்திலிருந்து வளைத்து உண்டாக்குவது வீண் முயற்சி.

ஆரணிப் பட்டு எழுதியது:

வாலாஜா அவர்கள் பம்பை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், பிடிகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கமுடியவில்லை. பதிவு செய்த பிடிக்கு ஒரே காலப்பிரமாணம்தான் உண்டு. கூத்தில் தருக்கம் முற்ற முற்ற நடை விரையும்; பாடுபவர் ஓர் அடியை இழுத்தால் முகவீணை கூடவே இழுக்கவேண்டும். அதுமட்டுமன்று, பிடியைப் பக்கத்துச் சுரத்துக்கு மாற்றினால் கமகத்தின் வேகமும் மாறிவிடும்.

பாலாற்றங்கரை அவர்களின் கமகம் செத்துக் கிடப்பதற்கு முதல் காரணம் பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்கக்கூடிய எல்லை என்று நினைக்கிறேன். பழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். அதற்குள் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நம் ஜாருவுக்கு இடமில்லை. 101, 100 ஆகிய கட்டுப்பாட்டு எண்களுக்குச் சுழியத்தையும், அடுத்து 6-ஆம் எண்ணுக்கு 12-ஐயும் பாட்டின் தொடக்கத்தில் அனுப்பினால் எல்லை ஒரு ஸ்தாயி ஆகும். பிறகு 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பிக் கதவைச் சாத்திவிடுங்கள். பெண்ட் சக்கரத்துக்கு 16,384 படிகள் இருப்பதால் இவ்வளவு அகல எல்லையிலும் ஒரு படி என்பது ஓர் அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு, படிக்கட்டு கேட்காது.

இரண்டாவது காரணம் துத்துக்காரம். நாக்கால் வெட்டி எடுக்கும் சுரமும், மூச்சை விடாமல் விரலால் மட்டும் மாறும் சுரமும் வேறு. உங்கள் வங்கியில் ஒவ்வொரு சுரமும் நாக்கு வெட்டோடு தொடங்குகிறது. அதனால்தான் நான்கு சுரம் கோத்து வாசிக்கும்போது நான்கு முறை கதவைத் தட்டுவது போலிருக்கிறது. இதற்கு மறுபதிவு வேண்டியதில்லை. அதே சாம்பிளைக் கொண்டு இரண்டாவது இன்ஸ்ட்ருமென்ட் ஒன்று செய்து, சாம்பிளின் தொடக்க இடத்தை வெட்டு முடிந்த பிறகான இடத்துக்கு நகர்த்தி, 30 மில்லிநொடி ஏற்றம் கொடுங்கள். கோப்பின் அளவு கூடாது, ஏனென்றால் ஒலி ஒன்றேதான். வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகத்தின் எண்) 40-க்குக் கீழே வந்தால் வெட்டில்லாத சுரம், மேலே வந்தால் வெட்டும் சுரம் என்று பிரித்துவிட்டால் மிடியில் எழுதுவதும் எளிது.

பாலாற்றங்கரை எழுதியது:

வெட்டில்லாத சுரத்தை நேற்றிரவே செய்து பார்த்தேன். முகாரியில் ஒரு புலம்பல் பாட்டை ஓடவிட்டபோது, இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று தோன்றியது. ஆனால் வெலாசிட்டி 40-க்குக் கீழே ஒலி மிகவும் தாழ்ந்துவிடுகிறது. பிரித்த எல்லையில் ஓர் எண் குறைந்தாலும் பள்ளம் தெரிகிறது.

காட்பாடி ஒலிப்பதிவர் எழுதியது:

எஸ்எஃப்2 வடிவத்தில் நாம் எதுவும் எழுதாவிட்டாலும் வெலாசிட்டி ஒலியளவைக் குறைக்கும் ஓர் இயல்பு அமைப்பு உண்டு. 127-க்குப் பதிலாக 64 கொடுத்தால் ஏறத்தாழ 12 டெசிபல் குறையும், 40 கொடுத்தால் 20 டெசிபல் குறையும். மென்மையான வாசிப்பைத் தனியாகப் பதிவு செய்து கீழடுக்கில் வைப்பவர்களும் இதில்தான் தவறுகிறார்கள். ஏற்கெனவே மெல்லியதாகப் பதிவான சாம்பிள் இந்த அமைப்பால் இன்னொரு முறை குறைந்துவிடும். பாலிஃபோனில் மாடுலேட்டர் பகுதிக்குப் போய் அந்த இயல்பு அமைப்பின் அளவைச் சுழியமாக்கிவிட்டு, ஒலியளவை 11-ஆம் கட்டுப்பாட்டு எண்ணால் மட்டும் நடத்துங்கள். ஊதும் வாத்தியத்துக்கு அதுவே பொருத்தம். மூச்சு சுரத்தின் தொடக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை, சுரம் நீளும் வரை ஏறி இறங்குகிறது.

சாம்பிள் தாண்டும் இடத்தில் நாதம் மாறுவதற்கு, ஒலியளவை உச்சத்தை வைத்துச் சமப்படுத்தாமல், நிலைத்து நிற்கும் பகுதியின் சராசரியை வைத்துச் சமப்படுத்துங்கள். நாக்கு வெட்டின் உச்சம் ஒவ்வொன்றிலும் வேறாக இருப்பதால் உச்சத்தை நம்பினால் ஏமாறுவோம். சுருதியையும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனியாகத் திருத்துங்கள். வாசிக்க வாசிக்கச் சீவாளியின் பதம் மாறி, முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் சுருதி நகர்ந்திருக்கும்.

வாலாஜா எழுதியது:

பதினொரு சுரங்கள் போதாது என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் ஒரு சாம்பிள் எடுத்தால் தாண்டும் பிரச்சினையே எழாது. இரண்டு ஸ்தாயிக்கு 25 சுரம், வெட்டியும் வெட்டாமலும் 50 பதிவு, ஒவ்வொன்றும் நான்கு நொடி என்று வைத்தாலும், ஒற்றைத் தடத்தில் 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் கணக்கில் மொத்தம் 19 மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான் வரும். இன்றைய கைப்பேசிக்கு அது ஒரு சுமையே இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். கலைஞர் எல்லா அரைச்சுரங்களையும் ஒரே முகத்தோடு வாசிப்பதில்லை. துளையை முழுதாகத் திறந்து வரும் சுரத்துக்கு ஒரு நாதம், பாதி மூடி எடுக்கும் சுரத்துக்குச் சற்று மூக்கடைத்த நாதம். ஒவ்வோர் அரைச்சுரத்தையும் பதிவு செய்தால் அந்த வேறுபாடு அப்படியே வரும்; அதைக் குறையென்று நினைத்துச் சமப்படுத்தினால்தான் கீபோர்டு ஆகிறது. ஆகவே எல்லா அரைச்சுரங்களையும் எடுக்கிறேன், நாதத்தைச் சமப்படுத்தாமல் ஒலியளவையும் சுருதியையும் மட்டும் சமப்படுத்துகிறேன். பிடிகளைத் தனியாக வைப்பதில்லை; கமகம் மிடியிலேயே எழுதப்படும். ஜாரு நான்கு அரைச்சுரத்துக்கு மேல் போனால் நாதம் சுருங்கிப்போகிறது என்பதைக் கண்டேன், அத்தகைய இடங்களில் பாதி வழியில் வெட்டில்லாத அடுத்த சாம்பிளுக்கு மாறிவிடுகிறேன்.

வங்கியில் இடம் பற்றி ஒரு சந்தேகம். ஷெனாயின் 112-ஆம் இடத்திலேயே முகவீணையை வைத்துவிடலாமா?

ஆரணிப் பட்டு எழுதியது:

வேண்டாம். 0-ஆம் வங்கியில் (வாத்திய எண்களின் தொகுதியில்) ஷெனாய் இருக்கட்டும், 1-ஆம் வங்கியில் அதே எண்ணில் முகவீணையை வையுங்கள். உங்கள் வங்கி இல்லாத ஒருவர் அந்தக் கோப்பை ஓட்டினாலும் பெரும்பாலான வாசிப்பான்கள் ஷெனாய்க்குத் திரும்பும். பியானோவில் முகவீணைப் பாட்டைக் கேட்கும் நிலை அவருக்கு வராது. பாலிஃபோன் எண்களைச் சுழியத்திலிருந்து எண்ணும் என்பதால் 112-ஆம் வாத்தியம் அங்கே 111 என்று காட்டும். பம்பையைத் தாள வாத்தியங்களுக்கான பத்தாவது சேனலில் ஒலிக்கவைப்பதாக இருந்தால் அது 128-ஆம் வங்கிக்குப் போகவேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

நீண்ட நாள்களுக்குப் பின் எழுதுகிறேன். பங்குனியிலிருந்து பாரதக் கூத்துகள் தொடங்கிவிட்டதால் கலைஞருக்கு ஓய்வே இல்லை. ஆனாலும் ஒரு விடியற்காலையை எனக்காக ஒதுக்கினார். மின்விசிறி இல்லை, மெத்தை இரண்டு, 25 சுரங்கள். உருட்டாக வாசித்த பம்பையையும் அடுத்த நாள் ஒரே மூச்சில் எடுத்து முடித்தேன். பம்பைவீடு அவர்கள் சொன்ன வழியில் வெட்டிய அடிகளுக்கும் பழைய அடிகளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

வெளியிடுவது பற்றிக் கலைஞரிடம் விரிவாகப் பேசினேன். பிள்ளைகளும் கூத்துக் குழுக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம், விலைக்கு விற்கும் பாட்டில் சேர்ப்பவர் தன்னிடம் கேட்கவேண்டும் என்றார். உரிமைக் குறிப்பில் அவர் சொற்களிலேயே எழுதிவிட்டேன்.

வங்கியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், எடுப்பு சரி, ஓட்டம் சரி, விடுவது சரியில்லை என்றார். வாத்தியத்தை எடுத்து ஒரே சுரத்தைப் பலமுறை ஊதி நிறுத்திக் காட்டினார். மூச்சு நிற்கும் நொடியில் சுருதி மயிரிழை கீழே சரிந்து பிறகுதான் ஒலி அடங்குகிறது. என் வங்கியில் சுரம் கத்தரித்தது போல நின்றது.

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறேன். மாடுலேஷன் என்வலப் (சுரம் தொடங்கி அடங்கும் வரை அதன் தன்மையை ஏற்றி இறக்கும் அமைப்பு) சுருதியை 30 சென்ட் (அரைச்சுரத்தின் நூற்றில் 30 பங்கு) மேலே தள்ளும்படி வைத்து, அந்த 30 சென்ட்டைச் சுருதித் திருத்தத்தில் கீழே இறக்கிவிட்டால், சுரம் ஒலிக்கும் வரை இரண்டும் சரிக்குச் சரியாகிச் சுருதி சுத்தமாக நிற்கிறது. கட்டையை விட்டதும் என்வலப் சுழியத்துக்கு இறங்குவதால் சுருதியும் 30 சென்ட் சரிகிறது. என்வலப் இறங்கும் நேரம் 0.12 நொடி, ஒலி அடங்கும் நேரம் 0.15 நொடி என்று இப்போது வைத்திருக்கிறேன். மேல் ஸ்தாயியில் 30 சென்ட் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது, 20 போதும் போலிருக்கிறது. வெட்டில்லாத சுரங்கள் ஒன்றோடொன்று கோக்கும் இடத்தில் இந்தச் சரிவு கேட்கக் கூடாது என்பதால் அந்த அடுக்குக்கு மட்டும் இதை நீக்கிவிட்டேன். அவர் ஆடியில் கூத்துகள் முடிந்து வீடு திரும்பியதும் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வேறு யாரேனும் நாயனத்துக்கோ, சுருதி பிடிக்கும் ஒத்து வாத்தியத்துக்கோ இதைச் செய்து பார்த்திருந்தால், என்ன அளவுகள் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.